தோல் ஜாக்கெட்டைப் பழசாக்க எது சரி: உப்புத்தாளா, ஸ்பிரிட்டா, அசிட்டோனா, தண்ணீரா?

பல வருடம் போட்டுப் பழகிய தோல் ஜாக்கெட்டில் இரண்டு மாற்றங்கள் தெரியும். உடம்பு மடங்கும் இடங்களில் சுருக்கம் விழுந்து தோல் தளர்ந்திருக்கும். விளிம்புகளில் மேற்பூச்சு உரசிப் போய் அடிநிறம் எட்டிப் பார்க்கும். வீட்டில் செய்யக்கூடிய முறைகள் ஒவ்வொன்றும் பெரும்பாலும் இவற்றில் ஒன்றைத்தான் தரும். உப்புத்தாளும் ரசாயனமும் நிறத்தை எடுக்கும். தண்ணீரும் கசக்கலும் சுருக்கம் தரும். அதனால் எது சிறந்தது என்று கேட்பதற்கு முன், கையில் இருப்பது என்ன தோல் என்று பார்த்துவிட வேண்டும்.

பாக்கெட்டின் உள்பக்கத்திலோ விளிம்பு மடிப்பிலோ தோலின் வெட்டுமுனை தெரியும் இடத்தைத் தேடுங்கள். பிளாஸ்டிக் படலத்தின் கீழ் நெய்த துணி தெரிந்தால் அது செயற்கைத் தோல். அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். தேய்த்தால் அது பழசாகாது. படலம் செதில் செதிலாக உரிந்து அடித்துணி வெளியே வரும், உரிவது பரவிக்கொண்டே போகும். நார்நாராக இருந்தால் உண்மைத் தோல். மேலே கறுப்பு, உள்ளே பழுப்பு என்றால் நல்ல யோகம். தேய்த்த இடமெல்லாம் பழுப்பு தானாக வெளிப்படும். உள்ளே வெளிர்நீலச் சாம்பல் என்றால் குரோமியத்தில் பதனிட்டு மேலோடு மட்டும் சாயம் ஏற்றியது. ஆழமாகத் தேய்த்தால் அந்தச் சாம்பல்தான் தெரியும், அழகாக இருக்காது. உள்வரை கறுப்பு என்றால் எவ்வளவு தேய்த்தாலும் மங்கிய கறுப்புதான் மிஞ்சும். அதற்குச் சுருக்க முறையே போதும்.

அடுத்து, மறைவான இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர். உருண்டு நின்றால் மேலே நிறமிப் பூச்சு இருக்கிறது. சீக்கிரமே உறிஞ்சிக் கறுத்தால் பூச்சு மிக மெல்லியது, அல்லது வெறும் சாயம்தான். அதில் எந்தத் திரவமும் கறை வளையம் விடும்.

உப்புத்தாள்

நிறம் எடுப்பதில் கைக்கு முழுக் கட்டுப்பாடு தருவது இதுதான். 400 எண் தாளில் தொடங்குங்கள்; எண் குறையக் குறையத் தாளின் சொரசொரப்பு கூடும். கைவிளிம்பு, பாக்கெட் வாய் போன்ற தடித்த ஓரங்களுக்கு மட்டும் 220 வரை இறங்கலாம். 100, 80 என்று போனால் இணைகோடுகளாகக் கீறல் விழும், அது தேய்மானம் போலத் தெரியாது, வாங்கிய அடியாகத்தான் தெரியும். தாளைச் சின்ன ஸ்பாஞ்சில் சுற்றி, ஜாக்கெட்டின் கைக்குள் துண்டைத் திணித்து, ஐந்தாறு இழுப்புக்கு ஒருமுறை ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். தூசி படிந்திருக்கும்போது எல்லாமே தேய்ந்ததுபோல வெளிறித் தெரியும். துடைத்தால்தான் உண்மை தெரியும். தையல்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள், நூல் தோலைவிட முதலில் அறும். தூசியைச் சுவாசிக்காமல் முகக்கவசம் அணியுங்கள்.

எங்கே தேய்ப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஜாக்கெட்டைப் போட்டுக் கையை மடக்கி, மேடாக எழும் சுருக்கங்களின் முகட்டில் சாக்பீஸால் கோடு போடுங்கள். அந்த முகடுகள், காலர் மடிப்பு, ஜிப்பின் இருபுறம், தோள் தையல் மேடு, முழங்கை, கீழ்விளிம்பு ஆகியவை போதும். முதுகின் நடுவிலும் அக்குளிலும் கைவைக்க வேண்டாம். இரண்டு பக்கமும் ஒரே அளவில் தேய்ப்பதும் தவறு: வலக்கைக்காரரின் வலது பாக்கெட்தான் அதிகம் தேயும்.

ஸ்பிரிட்

ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், வெள்ளைப் பருத்தித் துணி. துணியை நனைத்துப் பிழிந்து, ஒரு இடத்தில் பத்துப் பதினைந்து நொடி தேய்த்தால் பளபளப்பு குறையும், கொஞ்சம் நிறம் துணியில் ஏறும். உப்புத்தாள் விடும் கூர்மையான எல்லையை மென்மையாகக் கரைத்துக் கலப்பது இதன் தனித்திறமை. துணியின் அழுக்கான பக்கத்தையே திரும்பத் திரும்ப வைத்தால் எடுத்த நிறத்தையே மறுபடி பூசுகிறீர்கள். 70 சதவீத ஸ்பிரிட்டில் மீதி தண்ணீர். நனைந்த தோல் கறுத்துத் தெரியும், காய்ந்த பிறகே முடிவு செய்யுங்கள். தோலின் எண்ணெய்ப்பசையையும் இது எடுத்துவிடும் என்பது குறை.

அசிட்டோன்

தடித்த நிறமிப் பூச்சை நொடிகளில் இளக்கிவிடும். பெரிய பரப்பில் பூச்சு அசையவே இல்லை என்றால் மட்டும் இதைத் தொடுங்கள். ஒரு சொட்டு வழிந்தால் வழிந்த தடம் அப்படியே நிற்கும். உள்துணி அசிடேட் என்ற இழையால் ஆனது என்றால் கரைந்து ஓட்டை விழும், பிளாஸ்டிக் பொத்தான் பிசுபிசுக்கும். எளிதில் தீப்பற்றும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும். ஸ்பிரிட்டும் உப்புத்தாளும் சேர்ந்தே பெரும்பாலான வேலையை முடித்துவிடும் என்பதால் இதற்கு என் வாக்கு இல்லை. குளோரின் பிளீச்சைச் சிலர் யோசிப்பதுண்டு: அது தோலின் புரதத்தையே அரிக்கும், வேண்டவே வேண்டாம்.

தண்ணீரும் கசக்கலும்

வெளிப்பக்கம் முழுவதும் சீராக நீர் தெளித்து ஈரமாக்குங்கள். திட்டுத்திட்டாக நனைத்தால் கறை விழும். பிறகு ஜாக்கெட்டின் கைகளை முறுக்கி, உடலைச் சுருட்டி, பருத்திக் கயிற்றால் தளர்வாகக் கட்டி ஒரு நாள் நிழலில் விடுங்கள். அவிழ்த்து ஹேங்கரில் மாட்டி முழுக்கக் காயவிடுங்கள். டிரையர் இருந்தால் சூடில்லாமல், மூன்று நான்கு டென்னிஸ் பந்துகளோடு இருபது நிமிடம் சுற்றினால் விறைப்பு விட்டுவிடும். சூடு மட்டும் கூடாது: ஈரத்தோல் சூட்டில் சுருங்கிக் கட்டையாகும், அதைத் திரும்ப இளக்க வழியில்லை. மேற்பரப்பு வெல்வெட் போலிருக்கும் ஸ்வேட் தோல் ஜாக்கெட்டுக்கு இந்த முறை பொருந்தாது.

வரிசையும் முக்கியம். சுருக்கம் முதலில், நிறம் எடுப்பது பிறகு. அப்போதுதான் தேய்மானம் முகடுகளில் உட்காரும்; தலைகீழாகச் செய்தால் வெளிறிய திட்டு ஓரிடம், மடிப்பு ஓரிடம் என்று நிற்கும்.

எல்லாம் முடிந்து ஒரு நாள் கழித்து லெதர் கண்டிஷனரை (தோலுக்கு எண்ணெய்ப்பசை தரும் பூச்சு) மெல்லியதாக ஒரே ஒரு கோட் பூசுங்கள். தேய்த்த இடம் பூச்சில்லாத வெறும் நார் என்பதால் அதிகம் குடித்துக் கறுக்கும். ஆகவே தேய்க்கும்போதே நீங்கள் விரும்புவதைவிட ஒரு படி வெளிறலாக நிறுத்துங்கள். ஒரு வாரம் போட்டுப் பார்த்த பிறகே இரண்டாம் சுற்று. எடுத்த நிறத்தைத் திரும்ப வைப்பது தனி வேலை.

பைக் ஓட்டும்போது பாதுகாப்புக்காகப் போடும் ஜாக்கெட்டில் மட்டும் தேய்க்கும் முறை எதுவும் வேண்டாம். விழுந்தால் தரையில் உரசுவது முழங்கையும் தோளும்தான். அங்கே தோலும் தையலும் மெலியக் கூடாது.