கல்லடிச் சைக்கிள் கடையும் மகளின் பள்ளிக்கூடப் பாதையும்

மட்டக்களப்புக் கல்லடியில் பிரதான வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இந்தக் கடை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. வேப்ப மரத்தில் கட்டித் தொங்கவிட்ட பழைய டயர்தான் அடையாளம். புதுத் தவணை தொடங்குவதற்கு முந்திய வாரம் மகளுக்குச் சைக்கிள் பார்க்கத் தனியாகப் போனேன்.

“சைக்கிள் இருக்கு தங்கச்சி. பிள்ளையக் கூட்டிக்கொண்டு வாங்க. ஓடுற ஆளப் பாக்காம நான் குடுக்கிறல்ல” என்றார் கடைக்கார ஐயா. அப்போது கொஞ்சம் எரிச்சல்தான் வந்தது. அடுத்த நாள் அது போய்விட்டது.

மகளுக்கு 12 வயது. 26 அங்குலம் வாங்கினால் வளர்ந்த பிறகும் ஓடலாம் என்று நினைத்திருந்தேன். அவர் விடவில்லை. 24 அங்குலப் பாவித்த சைக்கிள் ஒன்றை எடுத்து, சீற்றை இறக்கி, இரண்டு காலின் முன்பாதமும் நிலத்தில் படுகிறதா என்று குனிந்து பார்த்தார். பிரேக்கைப் பிடிக்கச் சொன்னார். விரல் சரியாக எட்டவில்லை. பிடியில் இருந்த சின்னத் திருகைத் திருப்பி உள்ளுக்கு எடுத்துக் கொடுத்தார். பிரேக் கட்டைகள் காய்ந்து கல்லாகிக் கிடந்தன. நான் கேட்காமலேயே நான்கையும் மாற்றினார்.

பிறகு ஒழுங்கையில் ஓடவிட்டார். தான் பின்னால் நின்று கையை உயர்த்தி, “திரும்பிப் பாத்து எத்தின விரல் எண்டு சொல்லு மகள்” என்றார். முதல் தடவை தலையைத் திருப்பியதும் சைக்கிளும் சேர்ந்து திரும்பி வேலியோடு போய் நின்றது. ஏழெட்டுத் தடவை ஆன பிறகுதான் நேராக ஓடிக்கொண்டே “மூன்று” என்றாள். பின்னால் பஸ் வருகிறதா என்று பார்க்கும்போது வீதியின் நடுவுக்குப் போகாமல் இருக்க இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை. இதற்கு அவர் ஒரு சதம்கூட வாங்கவில்லை.

சைக்கிள் 21,000 ரூபாய், கட்டைகள் தனி. குறைகளும் உண்டு. இரண்டு நாளில் தருவதாகச் சொன்னது ஐந்து நாள் ஆனது. சிறுபிள்ளைகளுக்கான ஹெல்மெட் அவரிடம் இல்லை, நகரத்தில்தான் வாங்கினேன்.

மகள் பழைய கல்லடிப் பாலத்தால்தான் போகிறாள். 1924இல் கட்டிய ஒடுங்கிய பாலம் அது. என் பள்ளிக்கூட நாளில் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வாகனம்தான் போகலாம், பஸ்ஸுக்கும் லொறிக்கும் நடுவில் அம்மாவின் சைக்கிளில் பின்னால் இருந்து நடுங்கியிருக்கிறேன். 2013இல் புதுப் பாலம் திறந்ததும் பெரிய வாகனங்கள் அங்கே போய்விட்டன. வேகமான வாகனத்தையும் பிள்ளையையும் பிரித்துவிட்டால் எவ்வளவு நிம்மதி என்பது காலையில் அந்தப் பாலத்தில் தெரியும்.

பாலம் முடிந்தபின்தான் பயம். பள்ளிக்கூட வாசலில் கடவைக் கோடு பாதி அழிந்திருக்கிறது. 1.30க்கு மணி அடித்தால் அந்தக் கோட்டின் மேலேயே வான்கள் நிற்கின்றன. பின்னால் நிற்கும் பிள்ளை வருகிறவர் கண்ணுக்குத் தெரியாது. மணிக்கு 50 கிலோமீற்றரில் வரும் மோட்டார் சைக்கிள் ஒரு விநாடியில் ஏறக்குறைய 14 மீற்றர் ஓடிவிடும். 30 என்றால் 8 மீற்றர் சொச்சம். ஓட்டுபவர் பிள்ளையைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க எடுக்கும் அந்த ஒரு விநாடிதான் எல்லாம். 2020இல் ஸ்ரொக்ஹோமில் கூடிய உலக வீதிப் பாதுகாப்பு மாநாடும், நடப்பவர்களும் வாகனங்களும் கலக்கும் இடத்தில் 30தான் உச்சம் என்று கேட்டது. டென்மார்க்கின் ஓடென்ஸ் நகரம் 1970களிலேயே பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் பாதைகளைத் தேடிப் பார்த்துத் திருத்தத் தொடங்கியது. நம் வாசல்களுக்கு முதலில் ஒரு வேகத்தடை, புதுப் பூச்சு, கடவையை மறித்து வான் நிற்காத ஒழுங்கு போதும். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கு இதைக் கடிதமாகக் கொடுத்திருக்கிறேன், கையெழுத்துப் போட மற்றப் பெற்றோரையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கடைக்குப் போகிறவர்கள் பின்னேரம் 4 மணிக்குப் பிறகு போங்கள், வெயில் தணிந்து ஒழுங்கை வெறிச்சென்று இருக்கும். பிள்ளையை மறக்காமல் கூட்டிப்போங்கள். மகனுக்கு 20 அங்குலம் ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன். விரல் எண்ணும் ஓட்டத்துக்கு அக்காவே இப்போது அவனைப் பழக்குகிறாள்.