ஈரோட்டு வீட்டில் ஐந்து ஆண்டுகளாக ஒரு கடல் தொட்டி

நான் முதலில் ஆசைப்பட்டது ராட்சதச் சிப்பிக்குத்தான். அதன் சதை மடலில் குடியிருக்கும் நுண்பாசிகள் வெளிச்சத்தை உணவாக்கிச் சிப்பிக்கும் பங்கு தருகின்றன. ஆனால் லட்சத்தீவில் வாழும் அந்தச் சிப்பியும் பவளமும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளவை. யார் கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்கக் கூடாது. அதனால் 200 லிட்டர் தொட்டியில் ஒரு ஜோடி கோமாளி மீன்களை மட்டும் வளர்க்கிறேன். இரண்டும் தொட்டியிலேயே பிறந்தவை. ராமேசுவரம் அருகே மண்டபம் என்னும் ஊரிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி மையம் இவற்றைக் குஞ்சு பொரிக்கவைக்கும் முறையை எப்போதோ கண்டுவிட்டது. கடலில் பிடித்ததைத் தேட வேண்டியதில்லை.

முதல் மாதம் ஆழ்குழாய்த் தண்ணீரில் உப்பைக் கரைத்தேன். கண்ணாடி முழுக்கப் பழுப்புப் பாசி படர்ந்தது. ஆர்.ஓ. தண்ணீருக்கு மாறியபின்தான் தெளிந்தது. லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு, நல்ல தண்ணீரைவிட எவ்வளவு கனம் என்று காட்டும் அடர்த்தி எண் 1.025. கழிவை உண்ணும் நுண்ணுயிர்கள் பெருகி, மீனுக்கு நஞ்சான அம்மோனியா பூச்சியத்துக்கு வர ஐந்து வாரம் ஆயிற்று. அதுவரை மீன் விடவில்லை.

பெரிய சோதனை சித்திரை வெயில். தண்ணீர் 31 டிகிரியைத் தொட்டது. குளிரூட்டும் கருவி வாங்க என்னிடம் பணமில்லை. நீர்ப்பரப்பின் மேல் சிறிய மின்விசிறியை ஓடவிட்டேன், 28க்கு இறங்கியது. நம் ஊர்க் காற்று வறண்டது, ஈரத்தை மளமளவென்று உறிஞ்சிக்கொள்ளும். கடலோர ஊர்ப் புழுக்கத்தில் விசிறி இவ்வளவு உதவாது.

அதற்கு விலை உண்டு. நாளுக்கு மூன்று லிட்டர் வற்றியது. குறைந்ததை உப்புத் தண்ணீராலேயே நிரப்பினேன். ஆவியாவது நீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும் என்பது அப்போது உறைக்கவில்லை. இரண்டே வாரத்தில் அடர்த்தி எண் 1.030ஐத் தாண்டியது. முதல் ஜோடியில் ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து, செவுள் படபடக்க மூச்சு வாங்கியது. மறுநாள் காலையில் இறந்துகிடந்தது. இன்னமும் மனம் ஆறவில்லை. கண்ணாடியில் பேனாவால் கோடு போட்டு, தினமும் காலையில் வெறும் ஆர்.ஓ. தண்ணீரால் அந்தக் கோடுவரை நிரப்புகிறேன். உப்பின் அளவை முள்ளால் காட்டும் பிளாஸ்டிக் அளவியை நம்பாதீர்கள். ஒரு சொட்டை வைத்து வெளிச்சத்தில் பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரே சரியாகக் காட்டுகிறது.

மின்வெட்டுக்குப் பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு கட்டாயம் வேண்டும்.

இப்போதுள்ள ஜோடியில் பெரியது பெண். கவிழ்த்துவைத்த மண்சட்டியின் ஓரத்தில் ஆரஞ்சு நிற முட்டைகளை ஒட்டியிருக்கிறது. ஆண் மீன் துடுப்பால் இடைவிடாமல் விசிறுகிறது. ஆறாம் நாள் முட்டைக்குள் வெள்ளிக் கண்கள் தெரிந்தன. குஞ்சுகளுக்கு ஊட்ட ரோட்டிஃபர் என்னும் மிகச் சிறிய நீர்வாழ் உயிரியை வளர்க்கத் தனி வாளி வைத்திருக்கிறேன்.