சிரங்குக்கு எது: களிம்பா, நீர் மருந்தா, மாத்திரையா, வேப்பிலையா?

கோடை விடுமுறை வந்தால் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பெரிய வீடுகள் பேரப் பிள்ளைகளால் நிரம்பிவிடும். இரவில் வளவில் ஜமுக்காளத்தை விரித்து அத்தனை பேரும் வரிசையாகப் படுப்பார்கள். ஊர் திரும்பி ஒரு மாதம் ஆனபின் ஒரு வீட்டில் பிள்ளை விடிய விடியச் சொறியத் தொடங்கும். அடுத்து அதன் சித்தப்பா வீட்டிலும். ஆயாவைக் கேட்டால் "வேர்க்குருதான், வெயில் குறைந்தால் போய்விடும்" என்பார்.

வேர்க்குரு கழுத்திலும் முதுகிலும் பொரிந்து, உடம்பு குளிர்ந்தால் அடங்கும். சிரங்கு விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி, புட்டம் என்று இடம் பிடிக்கும். படுத்த பிறகுதான் அரிப்பு உச்சத்துக்கு ஏறும். கண்ணுக்கு எட்டாத சிலந்திப்பேன் ஒன்று தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடுவதால் வருவது இது. முதல் முறை தொற்றினால் அரிப்பு தொடங்க 4 முதல் 6 வாரம் ஆகும். ஊரில் ஒட்டியது பட்டணத்தில் தெரிவது அதனால்தான்.

மருந்துகளில் என் ஓட்டு 5 விழுக்காடு பெர்மெத்ரின் களிம்புக்கு. இரண்டு மாதம் நிறைந்த குழந்தைக்கே போடலாம், எரிச்சல் குறைவு. இரவு பூசி, 8 முதல் 14 மணி நேரம் விட்டுக் குளிப்பாட்டி, ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை பூச வேண்டும். "போட்டோம், கேட்கவில்லை" என்பவர்களிடம் எங்கே பூசினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். அரிக்கும் இடத்தில் மட்டும் என்பார்கள். கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை ஓர் இடம் விடாமல் பூச வேண்டும். கைக்குழந்தைக்குக் கண்ணையும் வாயையும் தவிர்த்து முகம், தலையிலும். நகத்தை ஒட்ட வெட்டி அதன் அடியிலும் தடவ வேண்டும். எல்லோரும் தவறவிடுவது அரைஞாண் கயிற்றின் அடி. அதை ஓர் இரவுக்குக் கழற்றி வைத்தால் சாமி ஒன்றும் கோபிக்காது. சாப்பிடக் கை கழுவினால் கையில் மறுபடி பூச வேண்டும். விரல் சூப்பும் பிள்ளைக்குக் கையில் காலுறை மாட்டிவிடலாம்.

பென்சைல் பென்சோயேட் நீர் மருந்து விலை மலிவு, கேட்கவும் செய்யும். ஆனால் சொறிந்து புண்ணான தோலில் பட்டால் தீயாய் எரியும். பெரியவர்களுக்கான 25 விழுக்காட்டு மருந்தைப் பிள்ளைக்கு மருத்துவர் சொல்லும் அளவுக்கு நீர் கலந்துதான் பூச வேண்டும். முதல் நாள் எரிந்த பிள்ளை இரண்டாம் நாள் புட்டியைக் கண்டாலே கொல்லைப்புறத்துக்கு ஓடும். பாதியில் நின்ற மருந்து எவ்வளவு மலிவாக இருந்தும் பயனில்லை.

ஐவர்மெக்டின் மாத்திரைக்குப் பூசும் வேலையே இல்லை. எடைக்குத் தக்கபடி ஒரு வேளை, ஒன்றிரண்டு வாரம் கழித்து மறு வேளை. முட்டைகளை அது கொல்லாததால்தான் அந்த இரண்டாவது வேளை. விடுதிப் பிள்ளைகளுக்கும் கூட்டமாகப் பரவிய இடத்துக்கும் இது கைகொடுக்கும். ஆனால் 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் கொடுப்பதில்லை. ஆகவே வீட்டின் கடைக்குட்டிக்குக் களிம்புதான்.

வேப்பிலை மஞ்சளை நான் கேலி செய்ய மாட்டேன். 1992-இல் வெளியான ஓர் ஆய்வில் 814 பேருக்கு இந்தப் பற்றைப் போட்டதில் 97 விழுக்காட்டினர் 3 முதல் 15 நாளில் குணமானதாகப் பதிவாகியிருக்கிறது. வேறு மருந்து போட்டவர்களோடு பக்கத்தில் வைத்துப் பார்க்காத ஆய்வு என்பதால் அதை வைத்துக் களிம்பை ஒதுக்க முடியாது. குளிக்கும் நீரில் வேப்பிலை போடட்டும். மருந்துக்கு மருந்து வேண்டும்.

போட்டியிலேயே சேர்க்கக் கூடாதது, மருந்துக் கடையில் "எல்லாத் தோல் நோய்க்கும்" என்று நீட்டும் கலப்புக் களிம்பு. அதில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கும். இரண்டே நாளில் சிவப்பும் அரிப்பும் அடங்க, வீட்டார் நிம்மதி அடைவார்கள். உள்ளே பேன் பெருகிக்கொண்டே இருக்கும். படர்தாமரைக்கும் இதையேதான் தருகிறார்கள். அங்கும் கதை இதேதான், மேலே அடங்கி ஓரத்தில் அகலும். பிள்ளையின் மெல்லிய தோல் இன்னும் மெலிவது தனிக் கணக்கு.

எதைத் தேர்ந்தாலும் அரிப்பு இல்லாதவர் உட்பட வீட்டில் எல்லோரும் ஒரே இரவில் போட்டாக வேண்டும். "எனக்கு ஒன்றும் இல்லை" என்று அப்பத்தா மட்டும் விலகிக்கொண்டால் அடுத்த மாதம் மீண்டும் முதலிலிருந்து. அன்று உடுத்திய துணி, விரிப்பு, தலையணை உறை எல்லாவற்றையும் வெந்நீரில் அலச வேண்டும். அலச முடியாத ஜமுக்காளத்தைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு வாரம் ஒதுக்கிவிடலாம். மனித உடம்பை விட்டால் பேன் இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது.

பேன் செத்தபின்னும் அரிப்பு இரண்டு முதல் நான்கு வாரம் நீடிக்கலாம். அதற்குப் பயந்து தினமும் களிம்பை அப்ப வேண்டாம். சீழ் வைத்துத் தேன் நிறத்தில் பொருக்குக் கட்டினால் அது பாக்டீரியாத் தொற்று. அதற்கான மருந்தை மருத்துவர் எழுத வேண்டும். அப்படிப் புண்ணான பிள்ளைக்கு அடுத்த சில வாரங்களில் முகம் வீங்கினாலோ, சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலோ சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்ல வேண்டும்.