“பையனுக்கா, பொம்பளப் பிள்ளைக்கா?”: காரைக்குடி ஜவுளிக்கடை ஒன்றின் அன்றாட உடைப் பிரிவுகள்

காரைக்குடியில் பட்டு எடுப்பதற்கென்றே பெயர் பெற்ற கடைகள் பல உண்டு. நான் இங்கு எழுதுவது, அன்றாடம் உடுத்தும் துணிமணிக்காகக் கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் ஊர்க்காரர்களும் பேருந்து ஏறி வந்து வாங்கிப்போகும் நான்கு தள ஜவுளிக்கடை ஒன்றைப் பற்றி. குறையும் சொல்லவேண்டியிருப்பதால் கடையின் பெயரைத் தவிர்க்கிறேன். நான் சொல்லும் குறைகளில் பெரும்பாலானவை அந்த ஒரு கடைக்கு மட்டும் உரியவை அல்ல. துணியின் தரம் நன்று, விலை நியாயமானது, தைப்பும் பெரும்பாலும் உறுதியானது. ஆனால் துணியைக் கண்ணில் காட்டுவதற்கு முன்பே இந்தக் கடை ஆண் என்பதையும் பெண் என்பதையும் நமக்கு விற்றுவிடுகிறது, அதற்கும் சேர்த்தே நாம் பில் கட்டுகிறோம் என்பதுதான் என் மதிப்பீடு.

பட்டுப்புடவை, முகூர்த்த வேட்டி ஆகியவற்றை இதில் நான் சேர்க்கவில்லை. விசேஷத்துக்கு உடுத்தும் உடை அந்த நாளோடு பெட்டிக்குள் போய்விடும். பள்ளி விட்டு வந்து மாற்றும் கால்சட்டையும், வீட்டில் உடுத்தும் நைட்டியும் கைலியும்தான் ஒருவர் எப்படி உட்காரலாம், எவ்வளவு தூரம் ஓடலாம், கையில் என்ன வைத்துக்கொள்ளலாம் என்பதை நாள்தோறும் தீர்மானிக்கின்றன.

தரைத்தளத்தில் சேலைகள், முதல் தளத்தில் சுடிதார், நைட்டி, உள்ளாடை, இரண்டாம் தளத்தில் ஆண்கள் உடை, மூன்றாம் தளத்தில் குழந்தைகள் உடை என்பது கடையின் அமைப்பு. தமிழ்நாட்டின் ஜவுளிக்கடைகளில் பெரும்பாலும் காணப்படும் அடுக்குமுறைதான் இது. வயது வந்தோருக்குத் தனித்தனித் தளங்கள் இருப்பதில் வசதியும் உண்டு. என் கவனம் நின்றது மூன்றாம் தளத்தில். தங்கையின் ஐந்து வயது மகளுக்கும் ஏழு வயது மகனுக்கும் வீட்டில் போட்டுக்கொள்ள நான்கைந்து உருப்படிகள் எடுக்கச் சென்றேன். படியேறியதும் விற்பனைப் பெண் கேட்ட முதல் கேள்வி, “பையனுக்கா, பொம்பளப் பிள்ளைக்கா, அக்கா?” என்பது. வயது என்ன, உயரம் எவ்வளவு, பருத்தியா வேறு துணியா என்பதெல்லாம் அதற்குப் பின்னர்தான் வந்தன. அந்தப் பெண்ணைக் குறை சொல்ல முடியாது, ஏனென்றால் தளமே அந்தக் கேள்வியைக் கொண்டுதான் கட்டப்பட்டிருக்கிறது: இடப்புறச் சுவர் முழுவதும் நீலம், வலப்புறச் சுவர் முழுவதும் இளஞ்சிவப்பு, பிறந்த குழந்தைக்கான உறையும் தொப்பியும்கூட இந்த இரண்டில் ஒன்று.

இந்த நிறப் பாகுபாட்டை இயற்கையானது என்று நம்புகிறவர்கள் நம்மிடையே பலர். 1918ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்கக் குழந்தை உடை வணிகர்களுக்கான ஓர் இதழ், இளஞ்சிவப்பு அழுத்தமான நிறமாதலால் ஆண் குழந்தைக்கும், நீலம் மென்மையானதாதலால் பெண் குழந்தைக்கும் ஏற்றது என்று எழுதியது. இன்றைய வழக்கம் அதற்கு நேர்மாறானது. இரண்டுமே வணிகர்கள் தங்கள் வசதிக்கேற்பச் சொல்லிவைத்தவை. நம் வீடுகளிலோ பிறந்த குழந்தைக்கு, ஆணானாலும் பெண்ணானாலும், துவைத்துத் துவைத்து மென்மையான பழைய வேட்டியையும் நூல் சேலையையும் கிழித்துப் போர்த்துவதுதான் பழக்கம். எந்தப் பாட்டியும் அந்தத் துணியின் நிறத்தைக் கேட்டதில்லை.

ஒரே இடுப்பளவுள்ள இரண்டு அரைக்கால்சட்டைகளை இரு சுவர்களிலிருந்தும் எடுத்து மேசைமேல் விரித்துப் பார்த்தேன். நீலச் சுவரில் இருந்ததற்குத் துணி கனமானது, கால் முட்டிவரை வருவது, இரு பக்கமும் கைமணிக்கட்டு வரை இறங்கும் பை, பின்புறம் இன்னொரு பை. இளஞ்சிவப்புச் சுவரில் இருந்ததற்குத் துணி மெல்லியது, கால் நான்கு விரற்கடை குறைவு, பை இருக்கவேண்டிய இடத்தில் பை இருப்பதுபோல் ஒரு தையல் கோடு மட்டும். முன்னது 280 ரூபாய், பின்னது 310 ரூபாய். கூடுதல் முப்பது ரூபாய்க்கு நமக்குக் கிடைப்பது இடுப்பில் ஒட்டியிருக்கும் ஒரு சிறு துணிப்பூ. மேல்சட்டைகளில் ஆண் பிள்ளைக்கு ‘ஃபியூச்சர் கேப்டன்’, பெண் பிள்ளைக்கு ‘லிட்டில் பிரின்சஸ்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஐந்து வயதுப் பெண் குழந்தை மண்ணில் உட்கார்ந்து விளையாடினால் அந்த மெல்லிய துணி ஒரு மாதம் தாங்காது. அவள் மண்ணில் உட்காரமாட்டாள் என்ற எண்ணம் அந்தத் துணியிலேயே நெய்யப்பட்டிருக்கிறது, அந்த எண்ணத்தை எதிர்த்துக் கேட்கும் வயது அவளுக்கு இன்னும் வரவில்லை. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

இதன் வணிகக் காரணம் எளிமையானது. அண்ணனுக்குச் சிறிதாகிப்போன சட்டையைத் தங்கை போட்டுக்கொள்வதும், அக்காவின் கவுனைத் தம்பி வீட்டுக்குள் போட்டுக்கொண்டு திரிவதும் ஒரு தலைமுறைக்கு முன்வரை சாதாரணம். உருப்படி ஒவ்வொன்றிலும் ஆண், பெண் முத்திரை அழுத்தமாக விழுந்துவிட்டால் அந்தக் கைமாற்றம் நின்றுபோகிறது. இரண்டாவது குழந்தைக்கு எல்லாவற்றையும் புதிதாக எடுக்கவேண்டியிருக்கிறது. நானே அன்று இரு பிள்ளைகளுக்கும் நீலச் சுவரிலிருந்தே கால்சட்டைகளை எடுத்தேன். பில் போடும் இடத்தில் இருந்தவர் “பாப்பாவுக்கு மாத்தி எடுத்துட்டீங்களோ அக்கா?” என்று அக்கறையோடுதான் கேட்டார்.

முதல் தளத்தில் குர்த்தாவும் லெக்கின்ஸும் மலையாகக் குவிந்திருக்கின்றன; நிறங்களின் வகையை எவ்வளவு பாராட்டினாலும் தகும். பையுள்ள குர்த்தாவைத்தான் தேடிப் பிடிக்கவேண்டியிருக்கிறது. இருபது நிறுவனங்களின் ஜீன்ஸ்களை அளந்து 2018ஆம் ஆண்டில் வெளியான ஒரு கணக்கெடுப்பில், பெண்களுக்கான ஜீன்ஸின் முன்பை ஆண்களுடையதைவிடச் சராசரியாக 48 விழுக்காடு நீளம் குறைந்திருந்தது. நம் ஊரில் ஜீன்ஸ் போடாத பெண்களும் இதே குறையைச் சுமக்கிறார்கள். சந்தைக்குப் போகும் ஆச்சிமார் இடுப்பில் செருகிய சுருக்குப் பையிலிருந்து காசை எடுத்துக் கொடுத்தார்கள். அவர்களுடைய பேத்திகள் கைபேசியை எந்நேரமும் கையிலேயே பிடித்திருக்கிறார்கள், அதற்கென ஒரு கைப்பையையும் தனியாக வாங்குகிறார்கள். கைப்பைகள் அடுக்கிய பிரிவு அதே தளத்தில், குர்த்தா பிரிவுக்கு அடுத்தாற்போல் இருக்கிறது.

இந்தத் தளத்தில் நான் தயங்காமல் பரிந்துரைப்பது பை வைத்த பருத்தி நைட்டி. நெஞ்சருகே சிப் வைத்தது, வைக்காதது என இரு வகை. வலப்பக்கம் கைபேசியும் சாவியும் சில்லறையும் தாங்கும் ஆழமான பை. இரு முறை துவைத்தும் சாயம் போகவில்லை. இரவில் உடுத்துவதற்கென்று வந்த உடையைச் சமையலறைக்கும் வாசலுக்கும் தெருமுனைக் கடைக்கும் உரியதாக்கி, தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தவர்கள் பெண்கள்தாம். எந்த விளம்பரமும் அவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. பை வந்ததும் அவர்கள் கேட்டுக் கேட்டுத்தான் என்று விற்பனைப் பெண் சொன்னார். அதை நான் நம்புகிறேன்.

இரண்டாம் தளத்தின் சுவர்களில் மீசை முறுக்கிய முகங்களும் கம்பீரம், கௌரவம், மரியாதை என்ற சொற்களும் நிறைந்திருக்கின்றன. 2014ஆம் ஆண்டு சென்னையில் வேட்டி கட்டி வந்த நீதிபதி ஒருவருக்கு ஒரு கிளப்பில் அனுமதி மறுக்கப்பட்டு, அவ்வாறு தடுப்பதைக் குற்றமாக்கும் சட்டத்தைத் தமிழகச் சட்டமன்றம் அதே ஆண்டில் நிறைவேற்றியது முதல் வேட்டி ஒரு பெருமிதச் சின்னமாகவும் விற்கப்படுகிறது. அதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் இந்தத் தளத்தில் ஓர் ஆணுக்குக் கிடைக்கும் மேல்சட்டை நிறங்களை எண்ணிப் பார்த்தால், முதல் தளத்தின் ஓர் அலமாரியில் இருப்பதில் பாதிகூட இல்லை. பூப்போட்ட மேல்சட்டை கேட்ட ஒரு கல்லூரி மாணவனிடம் விற்பனையாளர் சிரித்துக்கொண்டே கோடு போட்டதை எடுத்துக் காட்டியதை நான் கண்டேன். பெண்ணுக்குப் பையை மறுக்கும் கடை ஆணுக்கு நிறத்தை மறுக்கிறது.

அதே தளத்தின் மூலையில் இருக்கும் கைலிப் பகுதிதான் கடையிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம். செட்டிநாட்டுக்கும் பர்மாவுக்கும் இருந்த உறவை இங்கு யாருக்கும் விளக்கத் தேவையில்லை. கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்ய, அங்கு போன செட்டிநாட்டாரின் பெட்டிகளில் தேக்கோடும் அரக்குச் சாமான்களோடும் லுங்கியும் வந்து இறங்கியது. பர்மாவில் அந்த உடையை ஆணும் பெண்ணும் உடுத்துகிறார்கள். மூட்டிய துணிக்குழாய் ஒன்றுதான்: ஆண்கள் முன்புறம் முடிச்சிட்டுக் கட்டுவார்கள், பெண்கள் பக்கவாட்டில் மடித்துச் செருகுவார்கள், கோலங்களிலும் சில வேறுபாடு உண்டு. கடல் கடந்து நம் கரைக்கு வந்தபோது அது ஆணின் உடையாக மட்டும் ஆகிவிட்டது. இந்தக் கடையில் கைலியின் உறைமேல் மார்பு விரித்து நிற்கும் ஓர் ஆணின் படம் இருக்கிறது. உள்ளே இருப்பது நான்கு புறமும் ஒரே மாதிரியான கட்டம் போட்ட, மிக நேர்த்தியான பருத்தித் துணி. நான் எனக்கென்றே ஒன்று எடுத்தேன், வெயில் காலத்தில் அதைவிடச் சுகமான வீட்டுடை இல்லை.

இவ்வட்டாரக் கைத்தறிச் சேலையான கண்டாங்கியைப் பற்றியும் சொல்லவேண்டும். 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற பிறகு, அரக்கும் மஞ்சளும் கறுப்புமான அந்தக் கட்டங்கள் சேலையைத் தாண்டி மேல்சட்டையாகவும் குர்த்தாவாகவும் வரத் தொடங்கியிருக்கின்றன. இந்தக் கடையில் அதே கட்டத்தில், அதே கனத்தில் ஆண் சட்டை இரண்டாம் தளத்திலும் பெண் சட்டை முதல் தளத்திலும் தொங்குகின்றன. பொத்தான் வலப்பக்கமா இடப்பக்கமா என்பதும் மார்பில் பை உண்டா இல்லையா என்பதும்தான் வேறுபாடு.

கடல் கடந்த பெரிய நிறுவனங்கள் இதை மாற்ற முயன்றிருக்கின்றன. ஸாரா நிறுவனம் 2016ஆம் ஆண்டில் பாலினம் சாராத உடைகள் என்று ஒரு வரிசையை வெளியிட்டது. பிரிட்டனின் ஜான் லூயிஸ் 2017ஆம் ஆண்டில் தன் சொந்தக் குழந்தை உடைகளின் சீட்டிலிருந்து ஆண், பெண் என்ற பிரிவை நீக்கியது. முதலாவது வெறும் சாம்பல் நிறத் தொளதொளப்பு மேல்சட்டைகளாகவே இருந்ததென்று அப்போதே கண்டனம் எழுந்தது, அந்தக் கண்டனம் சரியானது என்பதே என் கருத்தும். ஆணின் உடையைப் பெண்ணுக்கும் கொடுத்துவிட்டு அதைப் பொது என்று அழைத்தார்கள். பாவாடை அந்த வரிசையில் சேரவில்லை. இரண்டாவது முயற்சிதான் பயனுள்ளது, ஏனென்றால் அது புதிதாக எதையும் விற்கவில்லை, சீட்டில் இருந்த ஒரு தடையை மட்டும் எடுத்துவிட்டது.

இனி இந்தக் கடையின் பெருங்குறைக்கு வருகிறேன். பிறிதொரு நாள் என்னுடன் வந்திருந்த தோழி ஒரு திருநங்கை. அவர் தேர்ந்தெடுத்த சுடிதாரைப் போட்டுப் பார்க்க முதல் தளத்து உடைமாற்றும் அறைக்குச் சென்றபோது, வாசலில் நின்ற ஊழியர் அவரை நிறுத்தி, “நீங்க அங்கிட்டு மாடியில போய்ப் போட்டுப் பாருங்க” என்றார். மாடியில் இருப்பது ஆண்களுக்கான அறை. தோழி குரலை உயர்த்தவில்லை; “எனக்கு இந்தச் சுடிதார் அளவு சரியா என்று பார்க்கவேண்டும், அவ்வளவுதான்” என்றார். தளப் பொறுப்பாளர் வந்தார், வேறொருவரைக் கேட்கவேண்டும் என்றார், அதற்குள் வரிசையில் நின்றவர்களின் பார்வை முழுவதும் எங்கள் மேல் திரும்பிவிட்டது. தோழி சுடிதாரை மடித்து மேசையில் வைத்துவிட்டு இறங்கிவிட்டார்.

இந்தியாவிலேயே முதன்முதலாக 2008ஆம் ஆண்டில் திருநங்கையருக்கு நல வாரியம் அமைத்த மாநிலத்தில் இது நடந்தது. தாம் உணரும் பாலினத்தை உடையாலும் சொல்லாலும் நடத்தையாலும் வெளிப்படுத்துவது அரசியல் சாசனம் தரும் கருத்துரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று தீர்ப்பளித்தது. பொதுமக்களுக்கான பொருளையும் சேவையையும் திருநர் ஒருவருக்கு மறுப்பதை 2019ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. முதல் தளத்து உடைமாற்றும் அறையில் இருப்பவை உட்புறம் தாழிட்டுக்கொள்ளும் தனித்தனிச் சிற்றறைகள். ஒருவர் நுழைந்தால் மற்றவருக்கு எந்தச் சிரமமும் இல்லை. பெண்மையை இத்தனை நிறங்களில், இத்தனை சுவரொட்டிகளில் விற்கும் கடை, அதை விரும்பிக் காசு கொடுத்து வாங்க வந்தவரை வாசலில் நிறுத்தியதை என்னால் ஏற்க முடியவில்லை. மேலாளரிடம் பேசினேன், எழுத்திலும் கொடுத்தேன். வருந்துவதாகச் சொன்னார்; ஊழியர்களுக்குத் தெளிவான அறிவிப்பு தருவதாகவும் சொன்னார். அந்த அறிவிப்பு வந்ததைத் தோழி உறுதி செய்யும்வரை இந்தக் கடையின் சேவைக்கு நான் மதிப்பெண் எதுவும் தருவதாக இல்லை.

துணிக்காக மட்டும் செல்பவர்களுக்குச் சில குறிப்புகள். குழந்தைகளுக்குக் கால்சட்டையும் ட்ராக் பேண்ட்டும் எடுப்பதானால், எந்தக் குழந்தையானாலும் நீலச் சுவரைப் பாருங்கள், கனத்த துணி அங்குதான் இருக்கிறது. சட்டைகளைச் சுவரின் நிறத்தைக் கருதாமல் உயரத்தையும் மார்பளவையும் கொண்டு எடுங்கள். சீட்டில் வயது மட்டுமே இருப்பதால் வீட்டில் அளந்து குறித்துக்கொண்டு செல்வது நல்லது. நைட்டியும் கைலியும் தாராளமாக வாங்கலாம். ஆயத்த குர்த்தாவைத் தவிர்த்துவிட்டுத் தரைத்தளத்தின் பின்பக்கம் உள்ள மீட்டர் துணிப் பகுதிக்குச் செல்லுங்கள். அங்கு கண்டாங்கிக் கட்டமும் சாதாப் பருத்தியும் உருளை உருளையாக இருக்கின்றன, கத்தரிக்கோலோடு நிற்கும் அண்ணன் “எத்தனை மீட்டர்?” என்று மட்டும்தான் கேட்கிறார். தெருவிலேயே தையல் கடைகள் உண்டு. துணி கொடுக்கும்போதே பை எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம் என்று சொல்லிவிட்டால் கூலியில் பெரிய வேறுபாடு வருவதில்லை.