லோரியானின் தபார்லி அருங்காட்சியகம்: படகுத்துறையிலிருந்து தொடங்குவது நல்லது

பிரான்சின் பிரெத்தாஞ் கரையில், லோரியான் துறைமுகத்தில், புகழ்பெற்ற பிரெஞ்சுப் பாய்மரப் படகுப் பந்தய வீரர் எரிக் தபார்லியின் பெயரைத் தாங்கிய பாய்மரப் படகு அருங்காட்சியகம் 2008இல் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் தங்கள் நீர்மூழ்கிக் கப்பல்களுக்காகக் கட்டிய கெரோமான் தளத்தின் பிரம்மாண்டமான கான்கிரீட் கொட்டகைகள் அதன் பக்கத்திலேயே நிற்கின்றன. பிரெஞ்சுக் கடற்படை 1997இல் காலி செய்த அந்த இடத்தில் இன்று பெருங்கடல் பந்தயக் குழுக்கள் பட்டறை போட்டிருக்கின்றன. கடற்படை அதிகாரியாகவும் பந்தய வீரராகவும் வாழ்ந்தவருக்கு இதைவிடப் பொருத்தமான முகவரி அமைந்திருக்காது.

உள்ளே காற்று, பாய், படகின் உடல் ஆகியவை இயங்கும் விதத்தைத் தொட்டுப் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி அமைத்திருக்கிறார்கள். குழந்தைகள் அங்கிருந்து எளிதில் நகர மாட்டார்கள். ஆனால் தபார்லியை அறிய விரும்புவோர் முதலில் வெளியே, அவர் செலுத்திய பென் தூயிக் என்னும் பெயர்கொண்ட படகுகள் நிறுத்தப்பட்டிருக்கும் மிதவைத் துறைக்குச் செல்வதே நல்லது என்பது என் கருத்து. அவை இன்றும் கடலுக்குப் போய்வரும் படகுகள் என்பதால், எல்லாம் ஒரே நாளில் கண்ணில் படும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

முதல் பென் தூயிக் 1898இல் வில்லியம் ஃபைஃப் வடிவமைத்த படகு. தந்தையிடமிருந்து அதைப் பெற்ற தபார்லி, கடற்படை விமானியாக இந்தோசீனாவில் பணியாற்றிய காலத்தின் சம்பளத்தை அதைக் காப்பாற்றவே சேர்த்தார். மரம் உளுத்துப்போயிருந்ததால், 1958இல் பழைய உடலையே அச்சாகக் கொண்டு அதன்மேல் கண்ணாடியிழையும் பாலியெஸ்டரும் பூசிப் புதிய உடலை வார்த்தெடுத்தார். இன்று நாம் பார்ப்பது அந்த உடலைத்தான்.

இரண்டாம் பென் தூயிக்கில்தான் நான் அதிக நேரம் நின்றேன். 1964இல் இங்கிலாந்தின் பிளைமத்திலிருந்து அமெரிக்காவின் நியூபோர்ட் வரை அட்லாண்டிக்கைத் தனியாகக் கடக்கும் பந்தயத்துக்கென்றே, ஒட்டுப்பலகையில், 13 மீட்டருக்குச் சற்று அதிகமான நீளத்தில் அது கட்டப்பட்டது. அதன் மேல்தளத்தில் இருந்த ஒளி ஊடுருவும் குமிழ் ஒரு பழைய சண்டர்லேண்ட் கடல் விமானத்தினுடையது. நனையாமல் உள்ளே அமர்ந்தபடியே பாய்களைக் கவனிக்க உதவும் அந்த யோசனை ஒரு கடற்படை விமானிக்குத் தோன்றியதில் வியப்பில்லை. தானியங்கிச் சுக்கான் பாதிவழிக்கு முன்பே பழுதாகிவிட, தூக்கத்தைத் துண்டு துண்டாக்கிக்கொண்டு 27 நாட்களில் கரை சேர்ந்தார். முந்தைய பந்தயத்தில் வென்ற ஃபிரான்சிஸ் சிசெஸ்டர் வந்து சேர்ந்தது ஏறத்தாழ மூன்று நாட்களுக்குப் பிறகுதான். பிரெஞ்சு அதிபர் தெ கோல் தபார்லிக்கு நாட்டின் உயரிய விருதான லெஜியோன் தோனரை வழங்கினார். பந்தயங்களில் ஈடுபட அவருக்குப் பணியில் வழிவிட்டதன்மூலம் கடற்படையும் அந்த வெற்றியில் பங்கேற்றது. அந்த ஏற்பாடு இல்லாமல் அடுத்தடுத்த பென் தூயிக்குகள் உருவாகியிருக்குமா என்பது சந்தேகமே.

பெரிய மாலுமிக் குழுவுக்காகக் கட்டிய ஆறாம் பென் தூயிக்கைத் தனியாளாகச் செலுத்தி 1976இல் அதே பந்தயத்தை மீண்டும் வென்றார். அந்தப் படகு துறையில் இருந்தால், அதன் நீளத்தைக் காலால் நடந்து அளந்து பாருங்கள்; வெற்றியின் கனம் அப்போதுதான் புரியும்.

1998 ஜூனில், ஸ்காட்லாந்துக்குப் போகும் வழியில், முதல் பென் தூயிக்கின் பாயைக் குறைக்கும்போது பாய்தாங்கும் கட்டை அடித்து இரவில் ஐரிஷ் கடலில் விழுந்து இறந்தார். பாதுகாப்புக் கயிறு கட்டியிருக்கவில்லை. பயிற்சி பெற்ற அதிகாரியே அப்படி இருந்தது இன்றும் விவாதிக்கப்படுகிறது.

பாரிஸின் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் லோரியானை அடையலாம். அருகிலேயே உள்ள ஃப்ளோர் நீர்மூழ்கிக் கப்பலையும் சேர்த்துப் பார்க்க ஒரு முழு நாளை ஒதுக்குங்கள்.