12.8 வோல்ட் 100 ஏஎச் லித்தியம் பேட்டரி: பழைய இன்வெர்ட்டரோடு ஒத்துப்போகுமா?

இன்வெர்ட்டர் பேட்டரி என்றாலே அறையின் மூலையில் அசைக்க முடியாத கனத்தில் உட்கார்ந்திருக்கும் ட்யூபுலர் (ஈய-அமில) பேட்டரிதான் என்ற நிலை மாறி வருகிறது. "அதே 12 வோல்ட் இன்வெர்ட்டரிலேயே மாட்டிக்கொள்ளலாம்" என்று சொல்லி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரிகளைச் சிறு நகரத்துக் கடைகளிலும் விற்கத் தொடங்கிவிட்டார்கள். இங்கே பார்க்கப்போவது ஒரு குறிப்பிட்ட பிராண்டை அல்ல, வீடுகளுக்குப் பரவலாக விற்கப்படும் 12.8 வோல்ட், 100 ஏஎச் (ஆம்பியர்-மணி) வகையை. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பேட்டரி நல்ல பொருள்தான். அதை மாட்டிய பிறகு வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் இன்வெர்ட்டரின் சார்ஜிங் பகுதியிலிருந்து வருபவை.

உள்ளே என்ன இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. ஒரு செல் 3.2 வோல்ட். நான்கு செல்லைத் தொடராகக் கோத்தால் 12.8 வோல்ட். இதை 100 ஏஎச்-சால் பெருக்கினால் 1,280 வாட்-மணி. செல்களோடு பிஎம்எஸ் என்ற காவல் பலகை ஒன்றும் இருக்கும். ஒவ்வொரு செல்லும் 3.65 வோல்ட்டைத் தாண்டாமலும், 2.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமலும் பார்த்துக்கொள்வது, மின்னோட்டமோ சூடோ எல்லை மீறினால் இணைப்பைத் துண்டிப்பது இதன் வேலை. இந்த வேதியியலை 1990-களில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் உருவாக்கியது ஜான் குட்இனஃப்பின் குழு. லித்தியம் அயனி பேட்டரிக்காக 2019-ல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர். இரும்பும் பாஸ்பேட்டும் சேர்ந்த இந்தக் கட்டமைப்பு, சூடானாலும் ஆக்சிஜனை எளிதில் வெளியே விடாது. அதனால்தான் நிக்கல், கோபால்ட் கலந்த லித்தியம் வகைகளைவிட இது வீட்டுக்கு ஏற்றது. தீயே பிடிக்காது என்று இதற்குப் பொருளில்லை. ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியரைக் கொட்டக்கூடிய பொருள் இது.

இப்போது, கடையில் அடிக்கடி காதில் விழும் ஒரு வாக்கியம்: "100 ஏஎச் லித்தியம், 150 ஏஎச் ட்யூபுலருக்குச் சமம்." பாதிதான் உண்மை. ட்யூபுலர் மேல் எழுதியிருக்கும் 150 ஏஎச் என்பது 20 மணி நேரத்தில் மெதுவாக இறக்கினால் கிடைக்கும் அளவு, அதாவது 7.5 ஆம்பியர் வீதம். வீட்டில் 300 வாட் லோடு ஓடினால் பேட்டரியிலிருந்து கிட்டத்தட்ட 29 ஆம்பியர் போகும். அந்த வேகத்தில் ட்யூபுலரின் கொள்ளளவு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்து 120 ஏஎச் அளவில் நிற்கும். அப்படிக் குறைந்தாலும் 1,440 வாட்-மணி. ஆக, புத்தம்புது ட்யூபுலரை அடிமட்டம் வரை இறக்கினால் அது லித்தியத்தைவிடக் கிட்டத்தட்ட அரை மணி நேரம் கூடுதலாக ஓடும். லித்தியம் முந்துவது எங்கே என்றால், ட்யூபுலரை அப்படி அடிமட்டம் வரை அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுள் வேகமாகக் கரையும். அரைகுறைச் சார்ஜில் விட்டுவைத்தால் தகடுகளில் சல்பேட் படியும். லித்தியத்துக்கு இந்த இரண்டு கவலையும் இல்லை. மூன்றாம் ஆண்டில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கடைக்காரர் சொன்ன சமன்பாடு பலிக்கும்.

இன்வெர்ட்டரின் இழப்பு 15 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 100 ஏஎச் லித்தியத்தில் கைக்கு வருவது ஏறக்குறைய 1,090 வாட்-மணி. 75 வாட் சாதாரண மின்விசிறி மூன்று, 9 வாட் எல்இடி நான்கு, ரௌட்டர், சின்ன டிவி என்று 320 வாட் ஓடினால் மூன்று மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டும். அதே மூன்று விசிறிகளையும் 30 வாட் பிஎல்டிசி விசிறிகளாக மாற்றினால் மொத்த லோடு 185 வாட்டுக்கு இறங்கி, ஐந்தே முக்கால் மணி நேரம் கிடைக்கும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு நிறுத்தி மதியம் 2 மணிக்குக் கரண்ட் விடும் ஊர்களில் இந்த வித்தியாசம்தான் முக்கியம். இரண்டாவது பேட்டரி வாங்குவதற்கு முன் விசிறியை மாற்றுங்கள்.

இனி இன்வெர்ட்டருக்கு வருவோம். பழைய இன்வெர்ட்டர்கள் மின்னழுத்தத்தைப் பார்த்துத்தான் பேட்டரியின் இருப்பைக் கணிக்கின்றன. ஓய்வில் இருக்கும் ஈய-அமில பேட்டரி முழுதாக இருந்தால் 12.7 வோல்ட், பாதியில் 12.2 வோல்ட். இறக்கம் தெளிவாகத் தெரியும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் அப்படி இல்லை. 90 சதவீதத்தில் 13.3 வோல்ட், 30 சதவீதத்தில் 13.0 வோல்ட். இடையில் இருப்பது வெறும் 0.3 வோல்ட். அதன் பிறகு மலை முகட்டிலிருந்து விழுவதுபோல விழும்; 12 வோல்ட்டைத் தொடும்போது பத்து சதவீதம்கூட மிஞ்சியிருக்காது. ஆகவே பழைய இன்வெர்ட்டரின் திரை கடைசி வரை "ஃபுல்" என்றே காட்டிவிட்டு, எச்சரிக்கை ஒலி வந்த சில நிமிடங்களில் வீட்டை இருட்டாக்கிவிடும். பேட்டரி கெட்டுவிட்டது என்று நினைத்துக் கடைக்கு ஓடத் தேவையில்லை. புளூடூத் உள்ள பிஎம்எஸ் என்றால் செயலியில் உண்மையான சதவீதத்தைப் பார்க்கலாம். இல்லாவிட்டால் ஷன்ட் (மின்னோட்டத்தை அளக்க உதவும் சிறு தடை) வைத்து ஏஎச்-சை எண்ணும் சிறிய மீட்டர் ஒன்றை நெகட்டிவ் வயரில் போடுங்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் சார்ஜிங். ட்யூபுலர் முறையில் பூஸ்ட் (சார்ஜின் உச்ச மின்னழுத்தம்) 14.4 வோல்ட் அளவோடு நின்றால் லித்தியம் தாங்கிக்கொள்ளும். ஆனால் சில இன்வெர்ட்டர்கள் அவ்வப்போது ஈக்வலைஸ் என்று 15 வோல்ட்டுக்கு மேல் தள்ளும். ட்யூபுலரில் அமிலத்தைக் கலக்கிவிட அது தேவை. லித்தியத்தில் பிஎம்எஸ் சட்டென்று துண்டிக்கும். துண்டித்த நேரத்தில் பேட்டரி முனையே காணாமல் போனதுபோல் இன்வெர்ட்டருக்குத் தோன்றும். சில மாடல்கள் பிழை காட்டும், சில ரிலேயை டக் டக்கென்று மாற்றிக்கொண்டே இருக்கும். நாள்தோறும் நடந்தால் பிஎம்எஸ்-ஸில் இணைப்பைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட்டுகளுக்குக் கேடு. வாங்கும் முன் இன்வெர்ட்டர் கையேட்டில் லித்தியம் மோட் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒரு மல்டிமீட்டரால் பேட்டரி முனையில் சார்ஜ் முடியும் தறுவாயில் எத்தனை வோல்ட் வருகிறது என்று இரண்டு மூன்று நாள் அளந்து பாருங்கள். 14.6-ஐத் தாண்டினால் அந்த இன்வெர்ட்டரோடு இந்தப் பேட்டரியைச் சேர்க்கக் கூடாது.

பழைய இன்வெர்ட்டர்களின் சார்ஜிங் மின்னோட்டம் 10 முதல் 15 ஆம்பியர்தான் இருக்கும். விளம்பரத்தில் வரும் வேகமான சார்ஜ் அங்கே கிடைக்காது. காலியான பேட்டரி நிரம்ப 7 முதல் 10 மணி நேரம் ஆகும். 30 ஆம்பியர் தரும் இன்வெர்ட்டர் என்றால் மூன்றரை மணி நேரம் போதும். கோடையில் ஒரே நாளில் இரண்டு தடவை கரண்ட் போகும் இடங்களில் இதுதான் லித்தியத்தின் உண்மையான பலம். ட்யூபுலரின் கடைசி இருபது சதவீதம் நிரம்புவதற்கே பல மணி நேரம் பிடிக்கும்.

பேட்டரி "செத்துப்போய்விட்டது" என்று திருப்பிக் கொண்டுவரப்படும் சம்பவங்களில் பல, பிஎம்எஸ் உறங்கிப்போனவை. இன்வெர்ட்டர் 10.5 வோல்ட்டில் நின்றுவிடும். அதன் பிறகும் அதன் திரையும் பலகையும் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஒரு செல் 2.5 வோல்ட்டைத் தொட்டதும் பிஎம்எஸ் கதவைச் சாத்திவிடும். முனையில் மீட்டர் வைத்தால் பூஜ்யமோ, ஓரிரு வோல்ட்டோ காட்டும். கரண்ட் வந்த பிறகும், முனையில் மின்னழுத்தம் இல்லாததால் பேட்டரியே இல்லை என்று எண்ணிப் பல இன்வெர்ட்டர்கள் சார்ஜ் செய்ய மறுக்கும். எழுப்புவதற்கு பட்டன் உள்ள பேட்டரி என்றால் அதை அழுத்தினால் போதும். இல்லையென்றால் பூஜ்ய வோல்ட்டிலும் தொடங்கும் 14.6 வோல்ட் லித்தியம் சார்ஜர் வேண்டும். வாரக்கணக்கில் அப்படியே கிடந்தால் செல் மேலும் இறங்கி நிஜமாகவே கெடும். இன்வெர்ட்டர் நின்றுவிடும் அந்த லோ-கட் அளவை மாற்றும் வசதி இருந்தால் 11.5 அல்லது 12 வோல்ட்டில் வையுங்கள். இழப்பு சில நிமிடங்கள்தான்.

வாங்கும்போது எடையைப் பாருங்கள். 100 ஏஎச் பட்டைச் செல் ஒன்று ஏறக்குறைய 2 கிலோ. உருளைச் செல் என்றால் 6 ஏஎச், 140 கிராம் கொண்டவை 68 தேவை. அதுவும் ஒன்பதரை கிலோ. பெட்டி, பிஎம்எஸ், வயர் எல்லாம் சேர்ந்து 10 கிலோவுக்குக் குறைவாக ஒரு "100 ஏஎச்" பேட்டரி இருக்க வழியில்லை. ஏழு கிலோவில் ஒருவர் நீட்டினால் உள்ளே 60 ஏஎச் இருக்கலாம். உள்ளூரில் கோர்த்துத் தரும் பேட்டரிகளில் செல்லின் க்யூஆர் குறியைச் சுரண்டியிருப்பதோ, முனையில் பழைய வெல்டிங் தழும்பு இருப்பதோ மின்வாகனத்திலிருந்து கழற்றிய செல்லின் அடையாளம். பிஎம்எஸ் தொடர்ந்து எத்தனை ஆம்பியர் தாங்கும் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். 900 விஏ இன்வெர்ட்டர் 700 வாட்டில் ஓடும்போது 65 முதல் 72 ஆம்பியர் இழுக்கும். 50 ஆம்பியர் பிஎம்எஸ் மிக்ஸியைப் போட்டதும் துண்டித்துவிடும். 100 ஆம்பியர் வாங்குங்கள்.

மாட்டும் வேலையில் மூன்று இடங்களில் தவறு நடக்கிறது. முதலாவது, இன்வெர்ட்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் காலியாக இருக்கும்போது முனையைத் தொட்டால் பெரிய பொறி வரும். பிஎம்எஸ் அதை ஷார்ட் என்று எடுத்துக்கொண்டு பூட்டிக்கொள்ளும். 22 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் பாசிட்டிவ் முனைக்கும் வயருக்கும் நடுவே ஐந்து வினாடி பிடித்து, பிறகு நேரடியாக மாட்டினால் பொறி வராது. இரண்டாவது, ஃபியூஸ். பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே 125 ஆம்பியர் டிசி ஃபியூஸ் கட்டாயம். வீட்டு ஏசி எம்சிபி இங்கே உதவாது, டிசி-யின் பொறியை அதனால் அணைக்க முடியாது. மூன்றாவது, லக், அதாவது வயர் நுனியில் முனையோடு இணைக்கும் உலோகத் துண்டு. ட்யூபுலரிலிருந்து கழற்றிய வயரின் லக்கில் பச்சைப் பூத்திருக்கும். அதை வெட்டி எறிந்துவிட்டு 16 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் புது லக்கைக் கிரிம்ப் செய்யுங்கள். அரை மணி நேரம் முழு லோடில் ஓட்டிய பின் லக்கைத் தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பைத் தாண்டக் கூடாது.

கனமில்லையே என்று பரணில் ஏற்றி வைக்காதீர்கள். மே மாதத்தில் கான்கிரீட் கூரைக்கு அடியில் தேங்கும் வெப்பத்தில் முழுச் சார்ஜோடு கிடப்பதுதான் லித்தியத்தை வேகமாக முதுமையாக்கும். தரையை ஒட்டி, காற்றோட்டமான இடம் போதும்.

யாருக்கு இது ஏற்றது? சோலாரோடு சேர்த்துத் தினமும் ஏற்றி இறக்குபவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். நல்ல பேட்டரி 2,000 சுழற்சிகளைத் தாண்டும். சோலார் கன்ட்ரோலரில் பூஸ்ட் 14.2 முதல் 14.4, ஃப்ளோட் (நிரம்பிய பின் தாங்கிப் பிடிக்கும் அளவு) 13.5 வைத்து, வெப்ப ஈடுசெய்தலை (சூட்டுக்கேற்ப சார்ஜ் வோல்ட்டை மாற்றுவது) பூஜ்யமாக்குங்கள்; ஈக்வலைஸை அணைத்துவிடுங்கள். ஆண்டுக்கு ஐம்பது தடவைகூடக் கரண்ட் போகாத வீட்டில் அந்த 2,000 சுழற்சி ஒருபோதும் பயன்படாது. அங்கே பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரும் இருந்தால், டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிக்கொண்டு ட்யூபுலரோடு இருப்பதே சிக்கனம். ட்யூபுலரைத் திருப்பிக் கொடுத்தால் ஈயத்துக்குக் கழிவு விலை கிடைக்கும். லித்தியத்துக்கு இப்போதைக்கு அந்தச் சந்தை வளரவில்லை. புதிதாக இன்வெர்ட்டரும் சேர்த்து வாங்குபவர்கள் லித்தியம் உள்ளேயே பொருத்திய ஒருங்கிணைந்த மாடலை எடுத்தால் மேலே சொன்ன சார்ஜிங் சிக்கல்களில் பெரும்பாலானவை வராது.

லித்தியத்துக்குப் பதில் சோடியத்தில் இயங்கும் சோடியம் அயனி பேட்டரி வரட்டும் என்று காத்திருக்கலாமா? சீனாவின் பேட்டரி நிறுவனமான சிஏடிஎல் தன் முதல் தலைமுறை சோடியம் செல்லை 2021-ல் அறிவித்தது. லித்தியம் தேவையில்லை, குளிரிலும் நன்றாக வேலை செய்யும். ஆனால் ஒரு செல் ஏறக்குறைய 1.5 வோல்ட்டிலிருந்து 4 வோல்ட் வரை ஊசலாடும். நான்கைக் கோத்தால் 6 முதல் 16 வோல்ட். 10.5-ல் நின்றுவிடும் இன்றைய இன்வெர்ட்டரால் அதன் முழுக் கொள்ளளவையும் எடுக்க முடியாது. அதற்கென்று இன்வெர்ட்டர்கள் வரும்வரை நம் வீடுகளுக்கு அது மாற்றாகாது.

வாங்கிய முதல் வாரத்திலேயே ஒரு சோதனை செய்துவிடுங்கள். 14.4 வோல்ட்டில் சார்ஜ் மின்னோட்டம் 5 ஆம்பியருக்குக் கீழே இறங்கும்வரை ஏற்றி, ஒரு மணி நேரம் ஆறவிட்டு, மெயினை அணைத்து, 100 வாட் குண்டு பல்பு மூன்றை பிளக்கில் செருகும் எனர்ஜி மீட்டர் வழியாக எரியவிடுங்கள். இன்வெர்ட்டர் தானாக நிற்கும்போது மீட்டர் 1,000 வாட்-மணிக்கு மேல் காட்ட வேண்டும். 850-க்குக் கீழே நின்றால், இன்னொரு தடவை முழுதாக ஏற்றி அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். செல்கள் சமநிலையில் இல்லாவிட்டால், ஒன்று மட்டும் முதலில் நிரம்பி மற்றவை ஏறாமல் நின்றிருக்கும். 50 மில்லி ஆம்பியரில் சமன்படுத்தும் பிஎம்எஸ், 5 ஏஎச் வித்தியாசத்தைச் சரிசெய்ய 100 மணி நேரம் எடுக்கும். சில நாள் முழுச் சார்ஜில் வைத்திருந்தாலே தேறிவிடும். அப்படியும் தேறவில்லை என்றால் மீட்டர் திரையைப் படமெடுத்து, பில்லோடு கடைக்குக் கொண்டுபோய் மாற்றிக் கேளுங்கள்.