காற்றடைத்த கயாக்: கொழும்பு நீருக்கு எது தோதானது?

கொழும்பில் தொடர்மாடியில் குடியிருப்பவருக்குக் கட்டிப் பிளாஸ்டிக் கயாக் (துடுப்பால் வலிக்கும் ஒடுங்கிய சிறு வள்ளம்) சரிவராது. மூன்று மீட்டருக்கு மேல் நீளமான அந்தப் பொருள் லிஃப்டுக்குள் நுழையாது, நிறுத்தி வைக்கவும் இடமில்லை. ஆகவே காற்றடைத்துப் பாவித்து, மடித்துப் பையில் போடும் வகைதான் வழி. அதில் எதை வாங்குவது என்று தேடினால் வெளிநாட்டு ஒப்பீடுகள் வேகத்தையும் குளிர்நீரையும் பற்றித்தான் அதிகம் பேசுகின்றன. நம்முடைய கேள்விகள் வேறு. பையை யார் தூக்குவது? பிற்பகல் காற்றில் வள்ளம் எப்படி நிற்கும்? வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அதை எங்கே, எப்படிக் காயவைப்பது? இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால், விலை கூடியதுதான் நல்லது என்ற கணக்கு இங்கே தலைகீழாகிறது.

ஆகக் குறைந்த விலையில் தொடங்கலாம். இன்டெக்ஸ் எக்ஸ்ப்ளோரர் கே2 என்ற மஞ்சள் வள்ளத்தைப் படத்திலாவது பலர் கண்டிருப்பீர்கள். 312 செ.மீ நீளம், 91 செ.மீ அகலம், 180 கிலோ தாங்கும் என்கிறது தயாரிப்பாளர் குறிப்பு. அகலம் கூடியதால் கவிழ்ந்துவிடுமோ என்ற பயம் புதியவருக்கு வராது. பிள்ளையை முன்னால் இருத்திக்கொண்டு அமைதியான நீரில் ஒரு சுற்றுப் போய்வர இது போதும். ஆனால் வளர்ந்தவர்கள் இருவர் ஏறினால் முன்னால் இருப்பவரின் முதுகில் பின்னால் இருப்பவரின் கால் முட்டும். பக்கச் சுவர்கள் உயரம் என்பதால் காற்று அவற்றைப் பிடித்துத் தள்ளும், துடுப்பும் ஒவ்வொரு வலிப்புக்கும் அவற்றில் உரசும். கூட வரும் துடுப்பு இந்த அகலத்துக்குக் கட்டை. 230 செ.மீ அல்லது அதற்கு மேற்பட்ட துடுப்பு ஒன்றைத் தனியாக வாங்கினால் கைமூட்டு நோகாது.

அதே நிறுவனத்தின் சலஞ்சர் கே2, 351 செ.மீ நீளமும் 76 செ.மீ அகலமும் கொண்டது. தாங்கும் பாரம் அதே 180 கிலோதான். நீளமும் ஒடுக்கமும் சேர்ந்து இதை நேராக ஓடவைக்கின்றன. தனியாள் வடிவமான சலஞ்சர் கே1 274 செ.மீ நீளம், 100 கிலோ தாங்கும். தனியாகப் போகிறவர் பலர் ‘இரண்டு பேருக்கானதை வாங்கினால் பிறகு உதவும்’ என்று நினைக்கிறார்கள். நான் அதற்கு உடன்படமாட்டேன். பெரிய வள்ளத்தின் பின் கதிரையில் தனியாள் இருந்தால் அணியம் (முன்முனை) மேலே எழும்பும், பக்கக் காற்று அதைத் திருப்பிவிடும், பாதி வலிப்புகள் திசையைச் சரிசெய்யவே போய்விடும். பெரும்பாலும் தனியாகத்தான் போவீர்கள், உடல் எடையும் 65 கிலோவுக்குள் என்றால் கே1 எடுங்கள். அதைவிடப் பாரமானவருக்கு அது தோதல்ல. தயாரிப்பாளர் சொல்லும் எடையில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் உண்மையான எல்லையாக எடுக்கவேண்டும். அதைத் தாண்டினால் நடுப்பகுதி தாழ்ந்து, இரு முனையும் மேலே வளைந்து, வலிக்க வலிக்க வள்ளம் நகராது.

நான் முதலில் வைப்பது எக்ஸ்கேர்ஷன் புரோ கே2. இதுவும் இன்டெக்ஸ்தான், ஆனால் வேறு தரம். 384 செ.மீ நீளம், 94 செ.மீ அகலம். நடுவில் பொலியெஸ்டர் துணி வைத்து ஒட்டிய தடித்த பிவிசி என்பதால், முன்சொன்ன வள்ளங்களின் மெல்லிய வினைலைவிடக் கூடிய அமுக்கத்துக்கு ஊதலாம். தரைப்பகுதி விறைப்பாக நிற்கிறது, உடல் எடைக்குத் தாழ்வதில்லை. கதிரைகளை முன்பின் நகர்த்தலாம். ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதை நடுவுக்குக் கொண்டுவந்தால் தனியாளுக்கும் வள்ளம் மட்டமாக மிதக்கும். மேலே நான் சொன்ன குறை இதனால் பெருமளவு தீர்கிறது. அடியில் பொருத்தும் செட்டை ஆழநீருக்கு ஒன்று, ஆழமற்ற நீருக்கு ஒன்று என இரண்டு வருகின்றன. பொல்கொட வாவியின் கரையோரத் தாவரங்களுக்கு நடுவே போகும்போது சிறியதைப் போட்டால் சிக்காது. பை பதினேழு, பதினெட்டுக் கிலோ வரும் என்பதுதான் குறை. லிஃப்டிலிருந்து வாகனம் வரை ஒருவர் தூக்கலாம், ஆனால் நாரி சொல்லும்.

வெளிநாட்டு ஒப்பீடுகளில் மேலே நிற்பது அட்வான்ஸ்ட் எலிமென்ட்ஸ் நிறுவனத்தின் அட்வான்ஸ்ட்ஃபிரேம். அணியத்திலும் பின்முனையிலும் அலுமினிய விலா வைத்து நீரைக் கிழிக்கும் கூர்மையை உண்டாக்கியிருக்கிறார்கள். தனியாள் வடிவம் சுமார் 16 கிலோ எடை, 136 கிலோ தாங்கும். 15 அடி நீளக் கன்வேர்ட்டிபிள் வடிவத்தை ஒருவருக்கோ இருவருக்கோ மாற்றியமைக்கலாம். ஓடும் அழகில் இன்டெக்ஸ் வள்ளங்கள் இதன் பக்கத்தில் நிற்கமாட்டா, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் காற்றறைகளைச் சுற்றித் துணி உறை போர்த்தியிருக்கிறது. உறைக்கும் அறைக்கும் இடையில் புகுந்த நீர் இலேசில் போகாது. கொழும்பின் ஈரக்காற்றில், அதுவும் மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேற்குப் பருவத்தில், அதை முழுதாகக் காயவைக்கப் பெரிய முற்றமோ மொட்டைமாடியோ வேண்டும். அரைகுறையாக மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், மணக்கும். வெறும் பிவிசி என்றால் துவாயால் துடைத்துப் பல்கனியில் கொஞ்ச நேரம் தொங்கவிட்டால் போதும். தனி வீடும் முற்றமும் உள்ளவர் அட்வான்ஸ்ட்ஃபிரேமைத் தாராளமாக வாங்கலாம். தொடர்மாடிக்காரருக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

ட்ரொப் ஸ்டிச் வகை இன்னொரு பக்கம். மேல்தளத்தையும் கீழ்த்தளத்தையும் ஆயிரக்கணக்கான நூல்கள் இழுத்துப் பிடிப்பதால் பலகைபோல் விறைக்கும். டெக்கத்லனின் இட்டிவிட் எக்ஸ்100 இந்த வகை. வேகத்தில் இவற்றுக்குத்தான் முதலிடம், விலையிலும் அப்படியே. தரையும் பக்கமும் சேரும் மடிப்புகளில் மணல் தங்கும், அதைக் கழுவி எடுக்கப் பொறுமை வேண்டும். ஓய்வாக வலிப்பவருக்கு இவ்வளவு தேவையில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் இந்த விறைப்பான வகை உண்மையாகவே மேல். அது வெயில். காலை 28 பாகை வெப்பத்தில் 1 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு ஓர் இறாத்தல்) அமுக்கத்துக்கு ஊதிய மெல்லிய வள்ளத்தைக் கரையில் விட்டு, உள்ளே இருக்கும் காற்று 50 பாகைக்குச் சூடானால், வினைல் இழுபடாத பட்சத்தில் அமுக்கம் 2 பிஎஸ்ஐயைத் தாண்டும். வினைல் இழுபட்டுக் கொஞ்சம் இடம் கொடுக்கும், இழுபட்ட இடத்தில்தான் பொருத்து பிரியும். 8 பிஎஸ்ஐக்கு ஊதிய ட்ரொப் ஸ்டிச்சில் அதே சூடு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் கூட்டும். எனவே மெல்லிய வள்ளத்தை நிழலில் ஊதி, நீரில் இறக்கிக் குளிர்ந்த பிறகு இன்னும் கொஞ்சம் ஊதுங்கள். மத்தியானம் சாப்பிடக் கரையேறினால் முதலில் காற்றைச் சற்றுத் திறந்துவிடுங்கள்.

சரி, எங்கே வலிப்பது? பேரா வாவியின் நீர் மாசுபட்டது, அதில் கை நனைக்கவே மனம் வராது. தியவன்னா ஓயாவில் பாராளுமன்றத்தைச் சூழ்ந்த பகுதி பாதுகாப்பு வலயம், அங்கே இறங்கவேண்டாம். பொல்கொட வாவி அகலமானது, விடியற்காலையில் அருமையானது. பிற்பகலில் காற்று எழும்பும், வார இறுதியில் மோட்டார் படகுகளின் அலையும் சேரும். அங்கே எக்ஸ்ப்ளோரரைவிட நீளமான வள்ளம்தான் நிம்மதி. முதலைகள் இருப்பதாகச் சொல்லப்படும் கரைகளை ஊரவரிடம் கேட்டுத் தவிர்க்கவேண்டும். நீர்கொழும்புக் களப்பின் ஒதுக்கமான ஓரங்களும் முத்துராஜவெலவின் ஒடுங்கிய கால்வாய்களும் சிறிய கே1க்கு ஏற்றவை. வெள்ளவத்தைக் கடலில் இவற்றில் எதையும் இறக்காதீர்கள். கரைக்காற்று ஒருமுறை வெளியே தள்ளினால் வலித்துத் திரும்புவது கடினம்.

எதை வாங்கினாலும் உடலுக்கு அளவான உயிர்காப்பு அங்கிக்கு முதலில் காசு ஒதுக்குங்கள். காற்றறைகள் தனித்தனியாக இருப்பதால் ஒன்று பஞ்சரானாலும் வள்ளம் உடனே தாழாது, ஆனால் ஒரு பக்கம் தொய்ந்த வள்ளத்தை வலித்துக் கரைசேர்வது கஷ்டம். மழைக்குப் பிறகு காலில் காயத்தோடு சேற்றில் இறங்கினால் எலிக்காய்ச்சல் வரலாம், ரப்பர் அடியுள்ள சப்பாத்துப் போடுங்கள். ஒட்டுத் துண்டுகளையும் பசையையும் வள்ளப் பையிலேயே வைத்திருங்கள். பசை வெப்பத்தில் இறுகிவிடும் என்பதால் குழாயை அவ்வப்போது அழுத்திப் பார்த்து மாற்றுங்கள்.